ஆறாம் தட்டுக்கு வைத்த பொட்டு

பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை சின்னவனுடைய கணினியின் மூலையில் ஒரு சிறிய பெட்டி வந்து நின்று, பாதுகாப்புத் திருத்தங்கள் காத்திருக்கின்றன, இப்போது நிறுவலாமா என்று கேட்டது. அவன் அதைப் படிக்கவே இல்லை. ஈ ஓட்டுவதுபோல 'பிறகு' என்பதை அழுத்திவிட்டுப் பாட்டுக் கேட்கப் போய்விட்டான். நான் கத்தினேன். நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தீர்கள். "இதுக்குப் போய் இன்னாம்மா அப்பாவுக்கு இவ்ளோ கோவம்?" என்று பெரியவள் அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. வாயால் சொன்னால் எனக்குக் கோபம்தான் முன்னால் வரும். அதனால் எழுதுகிறேன். இதிலும் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பத்தாம் வகுப்பு, அதற்கு மேல் ஆங்கிலத் தட்டச்சில் ஹையர். எண்பதுகளில் திருத்தணியில் மலைக்குக் கீழே ஓர் அறக்கட்டளை நடத்திய மருத்துவமனையில் தட்டச்சராகச் சேர்ந்தேன். தொழுநோய்க்கு மட்டுமான மருத்துவமனை அது. உங்களுக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அதை மூடிவிட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் வெளிநாட்டு உதவியில் அங்கே ஒரு கணினி வந்தது. இரண்டு சூட்கேஸ்களை நிமிர்த்து வைத்ததுபோல ஒரு பெட்டி. அதிலிருந்து கம்பி இழுத்து நான்கு திரைகள். அதற்குள் ஓடியது யூனிக்ஸ் என்ற இயக்க மென்பொருள். தட்டச்சு தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் மதராசுக்கு ஒரு வாரம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் 'ஆபரேட்டர்' ஆகிவிட்டேன். சம்பளமும் நாற்காலியும் பழையதுதான்.

அந்தக் கணினிக்கு ஒரே ஒரு முக்கியமான வேலை. எந்த ஊரில், எந்தத் தெருவில், யாருக்கு, எந்த மாதம், எத்தனையாவது மாத்திரை என்ற பதிவேடு அதில் இருந்தது. ஊர் ஊராகப் போய் மாத்திரை கொடுக்கும் ஓர் அக்கா எங்களிடம் இருந்தார். பள்ளிப்பட்டுப் பக்கம் தறி போடும் குடும்பத்தில் பிறந்தவர். தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவார். பஸ்ஸில் பாதி தூரம், சைக்கிளில் மீதி தூரம் என்று போவார். ஒவ்வொரு நோயாளிக்கும் இருந்த காகித அட்டையைப் பார்த்து நான் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு வாரமும் பட்டியல் அச்சிட்டுக் கொடுப்பேன். அவர் அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வார். பையில் வைக்க மாட்டார். பையை யாராவது திறந்துவிடுவார்கள் என்று பயம்.

அந்தப் பயம் வீண் இல்லை. மாத்திரை சாப்பிடத் தொடங்கிவிட்டால் அந்த நோய் அடுத்தவருக்குத் தொற்றாது, முழுக்கச் சாப்பிட்டால் குணமாகும் என்று மருத்துவர் தொண்டை வறளச் சொல்வார். ஊர் கேட்காது. பெயர் வெளியே தெரிந்தால் கடையில் டம்ளர் தனி, பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலி, நிச்சயமான கல்யாணம் நின்று போகும். அதனால் பதிவேட்டை எல்லாரும் திறக்க முடியாதபடி கணினிக்குள் பூட்டி வைத்திருந்தோம். மருத்துவரும் நானும்தான் திறக்கலாம். யாருக்கெல்லாம் நோய் என்பது எனக்குத் தெரியும். பஜாரில் அவர்களைப் பார்த்தால் தெரியாதவன்போல் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்பேன்.

அந்த வருடம் வெயில் காலத்தில் மதராசுக் கம்பெனியிலிருந்து பஸ் பார்சலில் ஒரு பொட்டலம் வந்தது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஒன்பது ஃப்ளாப்பித் தட்டுகள். அகலமாக, மெல்லியதாக, ஒவ்வொன்றும் ஒரு காகித உறைக்குள் இருக்கும். கூடவே இரண்டு பக்கக் கடிதம். யூனிக்ஸில் கண்டுபிடித்த நாற்பதுக்கு மேற்பட்ட கோளாறுகளுக்கான திருத்தங்களை எல்லாம் சேர்த்து ஒரே கட்டாக அனுப்பியிருக்கிறோம், வரிசையாகப் போடவும் என்று எழுதியிருந்தார்கள். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். பாதி புரியவில்லை. ஆனால் இருபத்தைந்தாவதோ இருபத்தாறாவதோ, ஒரு வரி நன்றாகப் புரிந்தது: கணினிக்குள் நுழையும் எவரும் ஒரு குறுக்கு வழியில் அடுத்தவருடைய பூட்டிய கோப்பைப் படித்துவிடலாம்.

அந்த வரியைப் படித்ததும் எனக்கு ஒரு பெண்ணின் அட்டைதான் நினைவுக்கு வந்தது. அக்காவின் ஊருக்கு அடுத்த ஊர். தறிக்கார வீடு. மாத்திரை முடிய இன்னும் சில மாதங்கள்தான். தை மாதம் கல்யாணம் என்று அக்கா சொல்லியிருந்தார். மாப்பிள்ளை எங்கள் திருத்தணி நூல் வியாபாரியின் தம்பி மகன். அந்த வியாபாரி எங்கள் மருத்துவமனைக்கு வேண்டியவர். வந்தால் நாற்காலி துடைத்துப் போடுவோம். அவர் அடிக்கடி வருவார் என்பதுதான் எங்களுக்குக் கஷ்டம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் ஓடினேன். அவர் அரக்கோணத்தில் ரயில்வே அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். நல்லவர். ஆனால் அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு 'அப்புறம்' உண்டு.

"ஒரு நாள் பூரா மிஷினை நிறுத்தணுமா? ஆடிக் கிருத்திகை வருதுய்யா. காவடிக் கும்பல்ல இங்க நடக்கவே இடம் இருக்காது. அப்புறம் பாக்கலாம்."

ஆடிக் கிருத்திகை முடிந்தது. மறுபடி போனேன். இன்ஸ்பெக்ஷன் வருகிறது, அப்புறம் என்றார். இன்ஸ்பெக்ஷன் முடிந்தது. புரட்டாசி சனிக்கிழமை, திருப்பதி பஸ்ஸெல்லாம் நிரம்பிப் போகுது, பாதி ஸ்டாஃப் லீவு, அப்புறம் என்றார். தட்டுகள் என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தன. சின்னவன் 'பிறகு' என்று அழுத்தும்போது எனக்கு அவர் முகம்தான் தெரிகிறது.

கடைசியில் ஒரு நாள் கொடுத்தார். எந்த நாள் தெரியுமா? ஆயுத பூஜை. அன்றைக்கு நோயாளிகள் வர மாட்டார்கள், மதியத்துக்குள் முடித்துவிடு என்றார்.

விடிந்ததும் போய் உட்கார்ந்துவிட்டேன். கடிதத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. முதல் தட்டு எல்லாக் கோப்புகளின் பூட்டையும் திறந்துவிடும். நடுவில் வரும் தட்டுகள் பழைய கட்டளைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைக்கும். ஒன்பதாம் தட்டுதான் எல்லாவற்றையும் மறுபடி பூட்டும். வீட்டில் தச்சர் வந்து எல்லாக் கதவுக்கும் புதுத் தாழ்ப்பாள் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எல்லாக் கதவையும் திறந்து வைத்துக்கொள்வார். வேலை முடிந்தால்தான் வீடு வீடாக இருக்கும். பாதியில் சாப்பிடப் போய்விட்டால் வீடு சந்தை. அதனால் 'நடுவில் நிறுத்தக் கூடாது' என்பதற்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள்.

ஒரு தட்டுக்கு முக்கால் மணி நேரம். கர்ர் கர்ர் என்று படிக்கும், யோசிக்கும், மறுபடி கர்ர் என்னும். மூன்றாம் தட்டு இரண்டு தடவை அடம் பிடித்து மூன்றாம் தடவை இறங்கியது. நடுவில் மின்சாரம் ஒரு தடவை கண் சிமிட்டியது. என் உயிரும் கூடவே சிமிட்டியது. ஐந்தாம் தட்டு முடிந்து, 'ஆறாம் தட்டைப் போட்டு என்டர் அழுத்தவும்' என்று திரையில் வந்தபோது மேலாளர் உள்ளே வந்தார். அவர் பின்னால் சந்தனக் கிண்ணத்தோடு அக்கா.

"இன்னாய்யா, இன்னும் முடியலியா? ஐயரு வந்து குந்திகினு கீறாரு."

"இன்னும் நாலு தட்டு இருக்குதுங்க சார். மூணு மணி நேரம்."

"மூணு மணி நேரமா? ஒண்ணரைக்கு ராகு காலம் புடிக்குது. எழுந்திரு, எழுந்திரு."

"நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு செவப்புல கோடு போட்டிருக்காங்க சார்."

"கோடு போட்டவனும் இந்நேரம் அவன் ஆபீசுல பொரி தின்னுகினு இருப்பான். நான் நிறுத்தச் சொல்லல. அது பாட்டுக்கு நிக்கட்டும். பூஜை ஆனப்புறம் நாளைக்குக் காலைல தொட்டுக்கோ."

உங்களுக்குத் தெரியும், பூஜையில் வைத்த கருவியை அன்றைக்குத் தொடக் கூடாது. தறியானாலும் கத்தரிக்கோலானாலும் மறுநாள் விஜயதசமியன்றுதான் எடுக்க வேண்டும். நானும் அப்படியே வளர்ந்தவன். வீட்டில் அன்றைக்கு நான் பேனாவைக்கூடத் தொட மாட்டேன். ஆனால் யூனிக்ஸுக்கு அது தெரியாதே! வாதாடிப் பார்த்தேன். மேலாளர் என்னைத் திருஷ்டிப் பூசணிக்காய் வாங்கி வர அனுப்பிவிட்டார்.

பஜார் முழுக்க அலைந்து பூசணிக்காயோடு திரும்பினபோது அறை ஜொலித்தது. வாழை இலையில் பொரி, அவல், வெல்லம். பக்கத்தில் ஸ்டெதஸ்கோப்பு, ஊசித் தட்டு, தட்டச்சு இயந்திரம், கழுவித் துடைத்த அக்காவின் சைக்கிள். திரைகளுக்கு நெற்றியில் பட்டை. ஃப்ளாப்பிகளும் இலையில் அடுக்காக இருந்தன, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அடுக்கு கொஞ்சம் உயரமாக இருந்தது. அப்போதே எண்ணியிருக்க வேண்டும். ஐயர் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தீபாராதனை முடிந்ததும் மேலாளர் மெயின் சுவிட்சை அணைத்தார். "அதுங்களும் ஒரு நாள் தூங்கட்டும்" என்றார். கதவெல்லாம் திறந்து கிடக்கிற வீட்டைத் தூங்க வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்கு மேலாளர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் பிள்ளைகளை அழைத்து வருவார்கள். பிள்ளைகள் நல்ல நேரத்தில் கணினியில் முதல் எழுத்தைத் தட்டுவார்கள். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் ஏழு மணிக்கே போய்ச் சுவிட்சைப் போட்டேன். விட்ட இடத்திலிருந்து கணினி ஆறாம் தட்டைக் கேட்டது. போட்டேன். கர்ர் என்றது. மறுபடி கர்ர். பிறகு படிக்க முடியவில்லை என்றது. மறுபடி போட்டேன். முடியவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தேன்.

ஃப்ளாப்பித் தட்டின் நடுவில் நீளவாக்கில் ஒரு சிறிய சாளரம் இருக்கும். அதன் வழியாகத்தான் கணினி உள்ளே இருக்கும் பழுப்பு நிற வட்டத்தைத் தொட்டுப் படிக்கும். சரியாக அந்தச் சாளரத்தில், அளந்து வைத்ததுபோல, ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். மற்றதையும் பார்த்தேன். ஏழு, எட்டு, ஒன்பது, எல்லாவற்றுக்கும் அதே இடத்தில்.

அக்கா சைக்கிளை எடுக்க வந்தார்.

"அக்கா, இத்த உறையிலிருந்து யாரு எடுத்தது?"

"நான்தான். ஏன்?"

"உறை மேலயே வெச்சிருக்கலாமே!"

"நல்லா கீதே கதை. உன் பொண்ணுக்குப் பொட்டு வெச்சா நெத்தியில வெப்பியா, சட்டையில வெப்பியா? அது கண்ணு மாதிரி இருந்துச்சு. பாத்துப் பாத்து வெச்சேன் நைனா. ஒண்ணுகூடக் கோணல் இல்ல பாரு."

உண்மைதான். ஒன்றுகூடக் கோணல் இல்லை.

மருத்துவமனையில் ஸ்பிரிட்டுக்கும் பஞ்சுக்கும் குறைவில்லை. துடைத்தேன். சந்தனம் வந்தது, கூடவே பழுப்பு நிறமும் உரிந்து வந்தது. ஆறாம் தட்டு முடிந்தது. மதராசுக்கு ட்ரங்க் கால் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து இணைப்புக் கிடைத்தது. எடுத்தவர் காவல்காரர். "எல்லாரும் லீவுங்கோ. நாளைன்னிக்கு ஞாயிறு. திங்கக்கிழமை பண்ணுங்கோ" என்று வைத்துவிட்டார். நாளைக்குச் சனிக்கிழமையாயிற்றே, அதற்கு என்ன என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

சரி, கட்டு போனால் போகட்டும், பதிவேட்டை மட்டுமாவது கையால் பூட்டிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். கோப்பைப் பூட்டும் கட்டளை எனக்கு மனப்பாடம். தட்டினேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. விரல் தவறியதோ என்று மறுபடி தட்டினேன். இல்லை. கடிதத்தை எடுத்து விரல் வைத்துப் படித்தேன். பழைய பூட்டுக் கட்டளையிலும் ஒரு கோளாறாம். அதனால் நான்காம் தட்டு அதை எடுத்துவிட்டது. புதியது எதில் வருகிறது? ஆறாம் தட்டில். சாவியை ஆற்றில் போட்டுவிட்டு நிற்கிறவன் மாதிரி சிரிப்பு வந்தது எனக்கு. அதுவும் நல்ல சிரிப்பு இல்லை.

மருத்துவரிடம் சொல்லலாம் என்றால் அவர் பூஜை லீவில் ஊருக்குப் போயிருந்தார். எட்டரைக்கு மேலாளர் புது வேட்டியில் வந்தார்.

"சார், மிஷின் பாதி வேலையில நிக்குது. எல்லாம் திறந்து கெடக்குது. இன்னிக்கு மூடி வெச்சிடலாம் சார். பசங்க டைப்ரைட்டர்ல தட்டட்டும்."

"விஜயதசமி அன்னிக்கு மூடுறதா? இன்னிக்கு மூடினா வருஷம் பூரா மூடிக்கினு தான் இருக்கும். வாயக் கழுவுய்யா. நூல்காரரு பேரனோட வர்றாரு. நம்ம பூட்டு வேலையக் காட்டணும் அவருக்கு."

பூட்டு வேலை என்றால் என்ன என்று சொல்கிறேன். வருகிற பெரிய மனிதர்கள் எல்லாருக்கும் மேலாளர் செய்து காட்டும் ஒரு வித்தை அது. விருந்தாளி என்ற பெயரில் கணினிக்குள் நுழைவார். பதிவேட்டைத் திற என்று தட்டுவார். 'உனக்கு அனுமதி இல்லை' என்று கணினி சொல்லும். "பாத்தீங்களா? மேனேஜரு எனக்கே காட்டாது!" என்று பெருமையாகத் திரும்புவார். அந்த வித்தைக்கு மட்டும் கட்டளைகளை மனப்பாடம் செய்திருந்தார், வேறு எதுவும் தெரியாது. இன்றைக்கு அதே வித்தையைச் செய்தால் பதிவேடு முதல் வரியிலிருந்து விரியும். ஊர் வாரியாக அடுக்கியிருந்தேன். பள்ளிப்பட்டுப் பக்கத்து ஊர்கள்தான் முதலில் வரும். மாப்பிள்ளையின் பெரியப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு எதிரில் நிற்பார்.

பத்து மணிக்குச் சற்று முன்னால் அக்காவைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"மேனேஜருகிட்ட அந்தப் பொண்ணு விஷயத்த சொல்லிடலாமாக்கா? சொன்னா அந்த வித்தைய விட்டுடுவாரு."

"உனக்கின்னா பைத்தியமா? இவரும் நூல்காரரும் தெனம் காலைல ஒண்ணா மலைப்படி ஏறுறவங்க. பாதிப் படியில மூச்சு வாங்குறப்போ, இவரு வாய்ல இருக்கிறது அவரு காதுல வுழுந்துடும். யாருகிட்ட சொல்லணும், எப்ப சொல்லணும்னு அந்தப் பொண்ணு முடிவு பண்ணட்டும். உன் மிஷினு முடிவு பண்ண வேணாம்."

"அப்போ ஒரே வழிதான். அழிச்சிடணும்."

"இன்னாத்த?"

"பதிவேட்ட."

அதில் அவருடைய எத்தனை மாத நடை இருந்தது என்று எனக்குத் தெரியும்.

"போன சனிக்கிழமை காப்பி எடுத்தேன்கா. ஏழு தட்டு. இந்த வாரத்து அட்டைங்க மட்டும் மறுபடி அடிக்கணும்."

"ஆங். அப்போ அழி. அவங்க கார் சத்தம் கேக்குது."

உள்ளே போய் உட்கார்ந்தேன். பூட்டும் கட்டளை இல்லாமல் போன அந்தக் கணினியில் அழிக்கும் கட்டளை மட்டும் குத்துக்கல் மாதிரி இருந்தது. உங்கள் கணினி நிச்சயமா, நிச்சயமா என்று இரண்டு தடவை கேட்கும். யூனிக்ஸ் கேட்காது. என்டர் தட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. அடுத்து என்ன என்று திரையில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

வியாபாரி பட்டு வேட்டி, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். பேரன் ஒரு விசையை அழுத்தினான். திரையில் எழுத்து வந்ததும் பயந்து தாத்தாவின் வேட்டிக்குள் ஒளிந்துகொண்டான். எல்லாரும் கை தட்டினார்கள். கூடவே இன்னும் ஏழெட்டுப் பேர், சுண்டல் பொட்டலத்தோடு. மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு வித்தைக்கு உட்கார்ந்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று ஆங்கிலத்தில் வந்தது.

மேலாளர் திரும்பிப் பெருமைப்பட வாயைத் திறந்தார். திறந்த வாயோடு மறுபடி திரையைப் படித்தார்.

"இன்னாங்க சொல்லுது?" என்றார் வியாபாரி.

"அது வந்து... பதிவேடே இல்லன்னு சொல்லுதுங்க."

"இல்லியா? இவ்ளோ பேருக்கு மாத்திரை குடுக்குறோம்னு சொல்லிகினு இருந்தீங்களே. ஒருத்தர்கூட இல்லியா? ஊர்ல நோயே ஒழிஞ்சிடுச்சா?"

"ஒழிஞ்சா நல்லதுதானுங்களே ஐயா" என்றார் அக்கா, சுண்டலை நீட்டிக்கொண்டே.

வியாபாரி சத்தமாகச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். மேலாளர் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்தாளிகள் போனதும் அறைக்குக் கூப்பிட்டார்.

"யாரு அழிச்சது?"

"நான்தான் சார்."

"ஏன்?"

என்ன சொல்ல? திறந்து கிடந்தது என்றேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். நல்ல நாளும் அதுவுமாக நாலு பேர் முன்னால் தலை குனிய வைத்துவிட்டாய் என்று மெமோ கொடுக்க முடிவு செய்தார். அலுவலகத்தில் தட்டச்சு தெரிந்தவன் நான் ஒருவன்தானே! என்னையே உட்கார வைத்து எனக்கான மெமோவைச் சொல்லச் சொல்ல அடிக்க வைத்தார். கார்பன் வைத்து இரண்டு பிரதி. 'பொறுப்பற்ற' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அவர் தவறாகச் சொன்னார். நான் சரியாக அடித்தேன். கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை என்னிடமே நீட்டினார்.

போகட்டும், காப்பி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை பீரோவைத் திறந்தேன். ஏழு தட்டுகளும் இருந்தன. வெள்ளை உறைகளில், சுத்தமாக. முதல் தட்டை உறையிலிருந்து உருவினேன்.

சாளரத்தில் பொட்டு.

ஏழிலும். ஒன்றுகூடக் கோணல் இல்லை.

"அக்கா!" என்று நான் கத்தியது தெருவில் இளநீர்க்காரருக்குக் கேட்டிருக்கும். அக்கா ஓடி வந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

"பீரோவுல இருந்ததையும் சேத்துத்தான் வெச்சேன். பாதிக்கு வெச்சிட்டுப் பாதிய வுட்டா நல்லாருக்குமான்னு பாத்தேன். பூஜை ஆனதும் நானே உறையில போட்டு உள்ள வெச்சேன். இதுதான் காப்பின்னு எனக்குத் தெரியாதே நைனா. எல்லாம் ஒரே மாதிரி கருப்பா இருந்துச்சு."

இரண்டு தட்டிலிருந்து துண்டு துண்டாகக் கொஞ்சம் கிடைத்தது. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மிச்சம் இருந்தவை காகித அட்டைகள். இரண்டு மர அலமாரி நிறைய, ஆயிரத்துச் சொச்சம். ஒவ்வொன்றையும் மறுபடி அடிக்க வேண்டும்.

புதுத் தட்டுக்கட்டு மதராசிலிருந்து வர மேலும் பத்து நாள். அதற்குள் அட்டைகளை அடிக்கத் தொடங்கிவிடலாமா என்று மேலாளர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன் அக்கா முந்திக்கொண்டார். "முதல்ல கதவப் போடட்டும் சார். அப்புறம் உள்ள வெக்கலாம்" என்றார். இந்தத் தடவை நல்ல நாள் பார்க்கவில்லை; ஒரு செவ்வாய்க்கிழமை. அக்கா அன்றைக்கு ஊருக்குப் போகவில்லை. அறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினார். மேலாளரையும்தான். ஒன்றிலிருந்து ஒன்பது வரை, ஒரு மூச்சாக. ஒன்பதாம் தட்டு முடிந்ததும் ஒரு வெற்றுக் கோப்பைப் பதிவேட்டின் பெயரில் வைத்துப் பூட்டி, விருந்தாளியாக நுழைந்து திறந்து பார்த்தேன். கடிதத்தில் சொன்ன குறுக்கு வழியிலும் முயன்று பார்த்தேன். அனுமதி இல்லை என்றது. மறுபடி கேட்டேன். இல்லை என்றது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதத்தானே முன்னாடியும் சொல்லிகினு இருந்துச்சு?" என்றார். முன்னால் சொன்னது பொய், இப்போது சொல்வதுதான் உண்மை என்று விளக்கினேன். தலையை ஆட்டினார். புரிந்ததா என்று தெரியாது.

பிறகு மூன்று வாரம் கதவைச் சாத்திக்கொண்டு வேலை. அக்கா அட்டையைப் படிப்பார், நான் அடிப்பேன். என் விரல் நுனியெல்லாம் காய்த்துவிட்டது. அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காலையில் ஊருக்குப் போய் வந்து மாலையில் படிப்பார். கனகம்மாசத்திரம் பஸ் தாமதமானால் வந்ததும் என் மேல்தான் எரிந்து விழுவார்; நான் பொட்டைச் சொல்லித் திருப்பிக் குத்துவேன்.

ஒரு நாள் சரளமாகப் படித்துக்கொண்டு வந்தவர் ஓர் அட்டையைப் படிக்காமல் என் முன்னால் நீட்டினார். மூடிய அறையில்கூட அந்தப் பெயரை வாய்விட்டுப் படிக்கவில்லை. பார்த்து அடிக்கத் தொடங்கினேன்.

"தையிலதானே கல்யாணம்?" என்று கேட்டேன்.

"ஆங். அதுக்குள்ள மாத்திரையும் முடிஞ்சிடும்."

"அந்தப் பையனுக்கு என்னிக்காவது தெரிஞ்சா?"

"தெரியுமே. நிச்சயத்துக்கு முன்னாடியே அவளே சொல்லிட்டா. பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு, மாத்திரை அட்டையையே எடுத்துக் காமிச்சாளாம்."

என் கை நின்றது.

"இது எப்போக்கா உனக்குத் தெரியும்?"

"ஆடியிலயே."

"ஆடியிலயேவா! அப்போ அன்னிக்கு எதுக்குக்கா அழிக்கச் சொன்னே? மெமோ வாங்கினேன். ஆயிரம் அட்டை அடிச்சுகினு கீறேன். அவனுக்குத்தான் தெரியுமே!"

அக்கா கட்டிய தொண்டையைச் செருமினார்.

"அவனுக்குத் தெரியும். அவன் பெரியப்பாவுக்குத் தெரியுமா? அவ ஒருத்தன்கிட்ட, அவளா போய்ச் சொன்னா. உங்க மேனேஜரு பத்துப் பேரு முன்னாடி, சுண்டல் குடுத்துச் சொல்லியிருப்பாரு. ரெண்டும் ஒண்ணா?"

எனக்குக் கோபம் அப்படியே இருந்தது; யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அட்டையில் கடைசி மாத்திரைத் தேதிக்கான கட்டம் காலியாக இருந்தது. திரையிலும் அதைக் காலியாக விட்டு என்டர் தட்டினேன்.

"சும்மா ஏன் குந்திகினு கீறே?" என்றார் அக்கா. "அடுத்தது படிக்கிறேன், அடி."